வேலூரில் ஒரு நாள்: முதலில் சாமி, பிறகு கறி

கல்லூரி நண்பர்கள் குடும்பத்தோடு வேலூருக்கு வருகிறார்கள் என்றால் எதைக் காட்டுவது என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. கோட்டை, ஜலகண்டேஸ்வரர் கோயில், விரிஞ்சிபுரம், ஸ்ரீபுரம் பொற்கோயில், மதியம் ஆம்பூர் முறைப் பிரியாணி, ஊருக்குக் கிளம்பும்போது மக்கன் பேடா என்னும் இனிப்பு. பட்டியல் எல்லார் வாயிலும் இருக்கிறது. நாள் கெடுவது வரிசையில்தான்.

ஒரு மணிக்குப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, நாலு மணிக்கு “வாங்க, கோயிலுக்குப் போகலாம்” என்று கூப்பிட்டால் வண்டியில் பாதிப் பேர் இறங்க மாட்டார்கள். கவிச்சி சாப்பிட்ட அன்று கோயில் வாசலை மிதிக்காத வழக்கம் நம் பக்கத்து வீடுகளில் இன்னும் உறுதியாக இருக்கிறது. பெரியவர்கள் வெளியில் சொல்ல மாட்டார்கள். “நீங்க போயிட்டு வாங்க, நான் வண்டியிலேயே இருக்கேன்” என்பார்கள். அந்த வெயிலில் அவர்களை வண்டியில் உட்கார வைத்துவிட்டு என்ன சுற்றிப் பார்ப்பது? ஆகவே கோயில் எல்லாம் காலையில், கறி மதியத்தில், அதற்குப் பிறகு சாமி சம்பந்தமில்லாத இடங்கள். இந்த ஒன்றை முதலில் முடிவு செய்துகொண்டால் மற்றது தானாக அமையும்.

கிழமையும் முக்கியம். வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம். கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. பல வீடுகளில் வெள்ளி, செவ்வாய் கவிச்சி கிடையாது. பிரியாணி போடும் பாய் ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவார் என்பதால் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை தம் உடைக்க ஆளிருக்காது. புரட்டாசி என்றால் மாதம் முழுக்கவே கேட்டுக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும். ரம்ஜான் நோன்பு மாதத்தில் பகல் ஆர்டர் எடுக்காதவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாருக்கும் ஒத்துவரும். கறிக்கடையில் கூட்டம் இருக்கும். அதற்கு ஆறு மணிக்கே போய் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. கார்த்திகை கடைசி ஞாயிறு மட்டும் விரிஞ்சிபுரம் பக்கம் சுற்றுலா என்று போகாதீர்கள். அது கடைஞாயிறு, சிம்ம தீர்த்தத்தில் குளித்துப் பிள்ளை வரம் கேட்க முந்தின இரவே பெண்கள் திரண்டுவிடுவார்கள். அந்த நாள் அவர்களுடையது.

மாதம் என்று பார்த்தால் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. ஊரைச் சுற்றி நிற்பவை மொட்டைப் பாறை மலைகள். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். அந்த மாதங்களில்தான் பிள்ளைகளுக்கு லீவு, வேறு வழியில்லை என்றால் காலை பதினொன்றுக்குள் வெளி வேலை எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

ரயிலில் வருகிறவர்கள் காட்பாடி சந்திப்பில் இறங்குவார்கள். அங்கிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி ஊருக்குள் வர ஆறேழு கிலோமீட்டர். ஞாயிறு காலை என்றால் இருபது நிமிடம், மாலை என்றால் இரட்டிப்பாகக் கணக்கு வையுங்கள். முந்தின நாளே வந்து தங்குகிறவர்களுக்கு சிஎம்சி மருத்துவமனையை ஒட்டிய லாட்ஜுகளில் அறை பிடிக்காதீர்கள். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது இன்று நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் வரும் இடம். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்களுக்கு அந்த அறைகள் வேண்டும். சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் நல்ல அறைகள் கிடைக்கின்றன. நண்பர்களில் மீன் பிரியர்கள் இருந்தால், அந்தத் தெருக்களில் வங்காளி மெஸ்களில் கடுகு போட்ட மீன் குழம்பு சாப்பிடலாம் என்பது மட்டும் அங்கே போக ஒரு நியாயமான காரணம்.

சரி, காலை.

ஆறரைக்கு வண்டி கிளம்பினால் விரிஞ்சிபுரம். பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே ஏறத்தாழ பதினான்கு கிலோமீட்டர். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே கொஞ்ச தூரம். மார்க்கபந்தீஸ்வரர், வழித்துணைநாதர். பயணம் கிளம்புகிற கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான சாமி கிடையாது. ‘விரிஞ்சை மதிலழகு’ என்று பழைய சொல் உண்டு. வெளியே நின்று ஒருமுறை மதிலை முழுக்கப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். மூலவர் லிங்கம் நேராக நிற்காமல் சற்றே சாய்ந்திருக்கும். குள்ளமான சிறுவன் அபிஷேகம் செய்ய எட்டாமல் தவித்தபோது சாமியே தலையைச் சாய்த்துக் கொடுத்தார் என்பது தலபுராணம். வந்திருக்கும் பிள்ளைகளிடம் தரிசனத்துக்கு முன்பே இந்தக் கதையைச் சொல்லிவிட்டால், உள்ளே கண்ணை விரித்துப் பார்ப்பார்கள்.

ஆனால் பெரும்பாலான கூட்டம் பார்க்காமலே திரும்பிவிடுவது தெற்குப் பிராகாரத்தில் இருக்கும் மணிகாட்டும் கல்லை. பிறை வடிவில் செதுக்கிய ஒரு கல். அதில் 6 முதல் 12 வரையும், 1 முதல் 6 வரையும் எண்களும் கோடுகளும். மேலே இருக்கும் பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் மணி. விளக்குமாற்றுக் குச்சி போதும், ஆனால் வளையாததாக இருக்க வேண்டும். பென்சிலின் நிழல் தடிமனாக விழுந்து கால் மணி நேரத்தை மறைத்துவிடும். விடிந்ததும் போனால் மதிலின் நிழலே பிராகாரத்தில் கிடக்கும். வெயில் மதிலைத் தாண்டி ஏறும்வரை காத்திருங்கள். அதற்குள் தரிசனத்தை முடித்துவிடலாம்.

நிழல் காட்டும் மணியைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டதும் யாராவது ஒருவர் “தப்பா காட்டுதே” என்பார். கல் தப்பாகக் காட்டவில்லை. நம் கடிகாரம் ஓடுவது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தில். அந்தக் கோடு அலகாபாத் (இன்றைய பிரயாக்ராஜ்) பக்கம் போகிறது. விரிஞ்சிபுரம் இருப்பது ஏறத்தாழ 79 பாகையில். சூரியன் ஒரு பாகை நகர 4 நிமிடம். மூன்றரைப் பாகைக்கு 14 நிமிடம். அதனால் கல் எப்போதும் கைக்கடிகாரத்துக்கு 14 நிமிடம் பின்னால் இருக்க வேண்டும். அதோடு இன்னொரு கணக்கும் சேரும். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் வருடம் முழுக்க ஒரே சீராக இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் நவம்பர் தொடக்கத்தில் சூரியன் 16 நிமிடம் முந்தி வரும். பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தி வரும். ஆக நவம்பர் முதல் வாரம் போனால் கல்லும் கைக்கடிகாரமும் ஏறக்குறைய ஒத்துப்போகும். பிப்ரவரியில் போனால் அரை மணி நேரம் பின்னால் இருக்கும். இன்ஜினியரிங் படித்த கூட்டம் என்றால் இந்த இடத்திலிருந்து அவர்களை நகர்த்துவது கஷ்டம். நேரம் ஒதுக்கி வையுங்கள், வேலூர் வட்டாரத்தில் இதற்கு ஈடாகக் கையால் தொட்டுப் புரிந்துகொள்ளும் அறிவியல் பாடம் வேறு இல்லை.

எட்டரைக்குத் திரும்பும் வழியில் டிபன். இட்லி, வடை, காபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொங்கலும் பூரியும் உள்ளே போனால் கோட்டையில் நடக்க மாட்டார்கள், மதியப் பிரியாணியும் மிஞ்சும்.

ஒன்பதரைக்குக் கோட்டை. அதைவிடத் தாமதிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் கல். ஜலகண்டேஸ்வரர் கோயில் வெளிப் பிராகாரம் முழுக்கக் கருங்கல் தளம். பதினொன்றுக்குமேல் வெறுங்காலில் நிற்க முடியாது. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தடிமனான பருத்திச் சாக்ஸ் ஒரு ஜோடி கையில் வைத்திருங்கள். நைலான் சாக்ஸ் வழுக்கும்.

16ஆம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சியின் கீழ் வேலூர் நாயக்கர்கள் கட்டிய கோட்டை இது. 133 ஏக்கர், இரட்டை மதில், சுற்றிலும் அகழி. கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் ஒரே மதிலுக்குள். கிழக்கு வாயில் வழியாக உள்ளே நுழையும்போதே நண்பர்களை நிறுத்தி வழியின் வளைவைக் காட்டுங்கள். எதிரி நேராக ஓடிவந்து கதவை இடிக்க முடியாதபடி பாதை திரும்பித் திரும்பிப் போகிறது. 1806 ஜூலை 10 விடியற்காலையில் நடந்த சிப்பாய்ப் புரட்சியைச் சொல்ல இதுதான் சரியான இடம். 1857 மீரட் சிப்பாய் எழுச்சிக்கு 51 ஆண்டுகள் முன்னால். தோல் சேர்த்த புதுத் தலைப்பாகை, நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது என்று வந்த உத்தரவுகள் சிப்பாய்களைக் கொதிக்க வைத்திருந்தன. 1799இல் திப்பு வீழ்ந்தபின் அவர் குடும்பம் இந்தக் கோட்டைக்குள்தான் காவலில் இருந்தது. புரட்சி அன்று மைசூர்ப் புலிக்கொடி இங்கே ஏறியது. ஆனால் வெளிவாயிலை அவர்கள் அடைக்கத் தவறினார்கள். சேதி ஆற்காட்டுக்குப் போக, அங்கிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு காலையிலேயே வந்து சேர்ந்தார். கயிற்றைப் பிடித்து மதில் ஏறி உள்ளே போனார். பின்னால் வந்த பீரங்கி உள்கதவை உடைத்தது. அதற்குப் பிறகு நடந்தது படுகொலை. ஆற்காடு இங்கிருந்து 25 கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து காரில் வந்த நண்பர்கள் அன்று காலை தாண்டி வந்த அதே பாதை என்று சொன்னால், அந்தத் தூரத்தின் பொருள் அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

கோட்டைக்குள் இருப்பதில் எதை விட்டாலும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தை விடக் கூடாது. ராஜகோபுரம் தாண்டி உள்ளே போனதும் இடப்பக்கம். முன்வரிசைத் தூண்களில் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் யாளிகளும் குதிரைகளும், அவற்றின் மேல் வீரர்களும். கூட்டம் இந்த வரிசையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடும். உள்ளே போய், நடுவில் நின்று, தலையை அண்ணாந்து கூரையைப் பாருங்கள். விரிந்த பூவைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்குகின்றன. கல் என்று மனது ஒப்புக்கொள்ள நேரமாகும். பிறகு காளைக்கும் யானைக்கும் ஒரே தலையாகச் செதுக்கிய சிற்பத்தைத் தேடச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்புங்கள். ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை.

உள்ளே வெளிச்சம் குறைவு. மொபைல் டார்ச்சை நேராகச் சிற்பத்தின் முகத்தில் அடித்தால் எல்லாம் தட்டையாகத் தெரியும். தூணை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, வெளிச்சம் கல்லின் மேல் வழுக்கிப் போகும்படி வைத்தால் குதிரையின் சேணத்தில் இருக்கும் முத்து வரிசைகூட எழுந்து நிற்கும். படம் எடுக்கலாமா என்று அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கருவறைப் பக்கம் மொபைலை எடுக்கவே கூடாது.

‘சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு’ என்று வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்வதில் முதலாவது இப்போது பொருந்தாது. நீண்ட காலம் வழிபாடே இல்லாமல் கிடந்த கோயில். 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து ஊர் மக்கள் திரும்ப வைத்தார்கள். இன்று பிரதோஷத்துக்கு நிற்க இடமிருக்காது. தண்ணீரைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை: 2021 நவம்பர் மழையில் அகழி நிரம்பிக் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் வந்துவிட்டது. கனமழை வாரங்களில் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தரிசனம், மண்டபம் இரண்டும் பதினொன்றுக்குள் முடிந்தால் வெயில் ஏறும் நேரத்தில் அருங்காட்சியகத்துக்குள் போய்விடலாம். வீரக்கற்களையும் நடுகற்களையும் முதலில் பாருங்கள். வட ஆற்காட்டின் பழைய சண்டைகளும் மாடு மீட்ட கதைகளும் அவற்றில்தான் இருக்கின்றன. பன்னிரண்டரைக்கு வீடு.

இப்போது பிரியாணி. பதினாறு பேர் என்று வைத்துக்கொள்வோம்: நாலு குடும்பம், பிள்ளைகள் உட்பட. வெளியில் சொல்வதென்றால் நம் ஊரில் அரிசிக் கணக்கில் சொல்ல வேண்டும். இரண்டு கிலோ பிரியாணி என்றால் இரண்டு கிலோ அரிசி, இரண்டு கிலோ கறி. ஆளுக்கு 125 கிராம் அரிசி வரும், தாராளமாகப் போதும். “பாய், ரெண்டு கிலோ மட்டன், சீரக சம்பா. கத்திரிக்காய் வேணாம், வீட்லயே பண்றோம். பன்னெண்டே முக்காலுக்கு தேக்சாவோட வந்துடணும், தம்மு நாங்க உடைச்சுக்கறோம்” என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். பாக்கெட்டில் கட்டித் தரச் சொல்லாதீர்கள். கட்டிய பிரியாணி தன் ஆவியிலேயே வியர்த்துக் குழைந்துவிடும்.

வீட்டில் செய்வதென்றால், கோட்டையை ஏற்கெனவே பலமுறை பார்த்த இரண்டு பேர் வீட்டில் நிற்க வேண்டும். அது எப்போதும் பெண்களாகவே இருக்க வேண்டியதில்லை. தேக்சா தூக்க எப்படியும் கை பலம் வேண்டும். இரண்டு கிலோ அரிசிக்குக் கணக்கு இது: நெஞ்செலும்பும் தொடையும் கலந்த கறி 2 கிலோ, கடலை எண்ணெய் 400 மில்லி, வெங்காயம் 1 கிலோ, தக்காளி 1 கிலோ, இஞ்சி 200 கிராம், பூண்டு 250 கிராம், காய்ந்த மிளகாய் 50 கிராம், புளிக்காத தயிர் 300 மில்லி, புதினாவும் மல்லித்தழையும் இரண்டிரண்டு கட்டு, பட்டை, கிராம்பு, ஏலம் சேர்த்து 25 கிராமுக்குள், எலுமிச்சை இரண்டு. மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள், கரம் மசாலாத் தூள் எதுவும் கிடையாது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து முறையின் நிறமும் காரமும் அந்த மிளகாய் விழுதிலிருந்து மட்டும் வருவது.

மிளகாயைக் கிள்ளி, பாதி விதையை உதறி, வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு மைய அரைக்க வேண்டும். ஊறாத மிளகாய் அரைபடாது. தோல் திப்பியாக நின்று குழம்பில் மிதக்கும். இந்த விழுதையும் இஞ்சி, பூண்டு விழுதையும் முந்தின இரவே அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். பத்தரைக்கு அடுப்பைப் பற்றவையுங்கள். எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலம். வெங்காயம் பொன்னிறத்துக்கு ஒரு படி முன்னால் வரும்வரை வதங்கட்டும். கருகினால் பிரியாணி முழுக்க இனிப்பும் கசப்பும் கலந்து அடிக்கும். அடுத்து பூண்டு விழுது, அதன் பச்சை வாசனை போனபின் இஞ்சி. இஞ்சி விழுது அடிபிடிக்கும் என்பதால் அதற்குப்பின் கை நிறுத்தாமல் கிண்ட வேண்டும். பிறகு கறி. அதுவே விடும் தண்ணீர் வற்றும்வரை பத்து நிமிடம் கிளறி, மிளகாய் விழுது, உப்பு, தக்காளி, தழைகள். தயிரைக் கடைந்து, தீயைத் தணித்துவிட்டு ஊற்றுங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்து வெள்ளை வெள்ளையாக நிற்கும். தேவையான தண்ணீர் விட்டு மூடி, கறி முக்கால் பங்குக்கு மேல் வேக ஐம்பது நிமிடம் ஆகும். குக்கரில் போடாதீர்கள்: வெளியே வெந்து எலும்பிலிருந்து கழன்றுவிட்ட கறி, தம்மில் நாராகிவிடும்.

பிழைப்பது ஓரிடத்தில்தான், அது குழம்பின் அளவு. அரிசி போடும் நேரத்தில் கறி தவிர்த்து ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர் குழம்பு தேக்சாவில் நிற்க வேண்டும். அதிகமானால் அடி களியாகும், மேலே விறைத்த சோறு. குறைந்தால் அடிபிடித்துப் புகை ஏறும். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் குழம்பைத் தனியே முகந்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப ஊற்றுவது சுலபம்.

கறி வெந்துகொண்டிருக்கும்போதே அரிசியைக் களைந்து ஊறவையுங்கள். சீரக சம்பாவுக்கு அரை மணி நேரம். அதற்குமேல் ஊறினால் கொதியில் உடையும். எட்டு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், வாயில் வைத்தால் கரிக்கும் அளவுக்கு உப்பு. அரிசி போட்டதிலிருந்து ஐந்தாறு நிமிடம். ஒரு பருக்கையை விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிய வேண்டும். அந்தப் புள்ளி இருக்கும்போதே வடித்து, ஆறவிடாமல், கொதிக்கும் குழம்பில் கொட்டி, கரண்டியை ஓரமாக இறக்கி அடியிலிருந்து ஒரே ஒரு முறை புரட்டுங்கள். எலுமிச்சை பிழிந்து, மேலே சமன் செய்து, வாழை இலை போட்டு, மூடி வைத்து, மூடி மேல் கரி நெருப்பு. கேஸ் அடுப்பில் என்றால் தேக்சாவுக்கு அடியில் கனத்த தோசைக்கல். இருபது நிமிடம் சிறுதீ, அணைத்தபின் பதினைந்து நிமிடம் தொடவே கூடாது. பிள்ளைகள் பசியில் நின்றாலும் அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கொடுத்துவிடுங்கள். ஆவி முழுக்க அரிசிக்குள் போவது அப்போதுதான்.

தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேலூர்ச் சந்தையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். காம்பு பச்சையாகவும் முள் விறைப்பாகக் குத்துவதாகவும் இருந்தால் அன்று பறித்தது. கைக்கு அடக்கமான சின்னக் காயாகப் பார்த்து ஒன்றேகால் கிலோ. பெரிதானால் விதை முற்றிக் கசக்கும். காம்போடு நாலாகக் கீறி உப்புத் தண்ணீரில் போட்டு, துடைத்து, 150 மில்லி நல்லெண்ணெயில் தோல் சுருங்கும்வரை வதக்கி எடுத்துக்கொள்ளுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும். அதே எண்ணெயில் வெங்காயம், தக்காளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள் வதக்கி, 50 கிராம் புளியின் கரைசல் ஊற்றிப் பச்சை வாசனை போகக் கொதித்தபின், வறுத்து அரைத்த வேர்க்கடலை 100 கிராம், எள் 50 கிராம். கடைசியில் காயைச் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை சிறுதீயில். இதை முந்தின இரவே செய்துவிடுவது நல்லது. புளி ஊறி மறுநாள் இன்னும் ருசி ஏறும். தயிர் வெங்காயம் மட்டும் பரிமாறும் நேரத்தில் கலக்கவும், முன்பே கலந்தால் வெங்காயம் தண்ணீர் விட்டு நீர்த்துப்போகும்.

சைவ நண்பர்கள் வந்திருந்தால் ஒன்றை மறக்கக் கூடாது: குஸ்கா சைவம் கிடையாது. அது துண்டு போடாத கறிப் பிரியாணி. தெரியாத ஊர்க்காரர்கள் வெறும் மசாலாச் சோறு என்று நினைத்து வாங்கிவிடுவார்கள். அவர்களுக்கென்று தனிப் பாத்திரத்தில் சோறும் ரசமும் வைத்து, இந்தக் கத்திரிக்காயையே முதலில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். கரண்டியும் தனி. அவர்கள் கேட்கும்முன் இது நடந்திருந்தால்தான் அது விருந்து.

இரண்டரையிலிருந்து நாலரை வரை எங்கும் போகாதீர்கள். படுக்கிறவர்கள் படுக்கட்டும், கல்லூரிக் கூட்டம் திண்ணையில் உட்கார்ந்து பேசட்டும். வந்ததே அதற்குத்தானே. இந்த இரண்டு மணி நேரத்தில் ஏலகிரி போய் வந்துவிடலாம் என்று யாராவது கிளப்புவார்கள். வேலூரிலிருந்து அங்கே போகவே இரண்டு மணி நேரம் ஆகிவிடும், அதில் கொண்டை ஊசி வளைவுகள் வேறு. பிரியாணி சாப்பிட்ட வயிற்றோடு பிள்ளைகளை அங்கே ஏற்றுவது கொடுமை.

மாலையில் மக்கான் சந்திப்பில் இருக்கும் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூண், பிறகு பாலாற்றங்கரையில் முத்து மண்டபம். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் பிடிபட்டு, இந்த வேலூரில்தான் காவலில் இருந்து 1832இல் இறந்தார். அவர் மதுரை நாயக்கர் வழி உறவில் வந்தவர் என்பதும், இலங்கையின் கடைசி அரசருக்கு நினைவிடம் நம் பாலாற்றங்கரையில் இருக்கிறது என்பதும் வேலூரிலேயே நாலு வருடம் படித்தவர்களுக்குக்கூடப் பெரும்பாலும் தெரியாது. இருபது நிமிடம் போதும்.

வீட்டுப் பெரியவர்கள் ஸ்ரீபுரம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் மேலே சொன்ன வரிசையை மாற்றிவிடுங்கள். பொற்கோயிலை மாலை விளக்கில் பார்ப்பதுதான் அழகு. அன்று மதியம் சைவச் சாப்பாடு, பிரியாணி இரவு ஒன்பதுக்கு. நட்சத்திர வடிவப் பாதையில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நடை இருக்கிறது. விடுமுறை நாளில் உள்ளே போய் வெளியே வர மூன்று மணி நேரம்கூட ஆகும். முழங்கால் வலிக்காரர்களுக்கு வாயிலிலேயே சக்கர நாற்காலி கேட்டு வாங்குங்கள், பாதி வழியில் கேட்டால் கிடைக்காது. அரைக்கால் சட்டை, லுங்கி அனுமதி இல்லை. மொபைலை வெளியே ஒப்படைக்க வேண்டும் என்பதால், வெளியே வந்தபின் எந்த இடத்தில் எத்தனை மணிக்குக் கூடுவது என்று உள்ளே போகும் முன்பே பேசிவிடுங்கள். பதினாறு பேரில் யாராவது ஒருவர் நிச்சயம் பிரிந்துவிடுவார்.

மக்கன் பேடா ஆற்காட்டுப் பண்டம். சென்னைக்குக் காரில் திரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது, பைபாஸிலேயே போனால் ஆற்காடு ஊருக்குள் நுழையாமல் பாலாற்றைத் தாண்டிவிடுவீர்கள். ஊருக்குள் திரும்பித்தான் வாங்க வேண்டும். அப்படியே ஆற்றங்கரையில் டெல்லி கேட்டையும் பார்த்துவிடலாம், 1751இல் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டைக்குள் நின்று தாக்குப்பிடித்த முற்றுகையின் மிச்சம் அது. கோவாவும் மைதாவும் பிசைந்து, முந்திரி, பாதாம், பிஸ்தா, சாரைப்பருப்பு உள்ளே வைத்துப் பொரித்துப் பாகில் ஊறப்போட்டது பேடா. அழுத்தினால் விரல் தடம் பதிந்து மெல்ல எழும்ப வேண்டும். கல்லாக நின்றால் அதிகத் தீயில் பொரித்தது, நடுவில் பாகு இறங்கியிருக்காது. பாகோடு டப்பாவில் வாங்கி, டப்பாவைப் பையில் நிமிர்த்தி வையுங்கள். வெளியில் இரண்டு நாள் தாங்கும், அதற்குமேல் குளிர்பெட்டி. ரயிலில் போகிறவர்களுக்கு வேலூர்க் கடைகளிலும் கிடைக்கிறது. ஆனால் ஞாயிறு மாலை காட்பாடிப் பாலத்தில் வண்டிகள் நகராது, ரயில் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அவர்களைக் கிளப்பிவிடுங்கள்.